உஷார்! கம்ப்ரஷன் போன டூ ஸ்ட்ரோக்கில் அவசரப்பட்டுப் புது பிஸ்டன் போடாதீர்கள்

கிக்கரை மிதிக்கிறீர்கள். வழக்கமாகப் பாதத்தை எதிர்த்து நிற்கும் அந்த இறுக்கம் இல்லை. கால் தடையே இல்லாமல் கீழே இறங்கிவிடுகிறது. பத்து உதைக்கு ஒருமுறை வண்டி பிடித்தாலும், சூடானதும் அணைந்துவிடுகிறது. பிறகு எத்தனை உதைத்தாலும் எழுவதில்லை. ஆர்எக்ஸ் 100, ஆர்எக்ஸ் 135, ஷோகன் போன்ற பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் மட்கார்டைத் தூக்கி, பட்டன் டயர் மாட்டி, தோட்டத்துப் பாதையிலும் மலைச்சரிவிலும் செம்மண் மைதானத்திலும் ஓட்டுகிற யாருக்கும் இந்த நாள் ஒருநாள் வரும். வந்ததும் பட்டறையில் நடக்கும் பேச்சு எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"அண்ணே, கம்ப்ரஷன் சுத்தமா இல்ல."

"பிஸ்டன் செட் போட்டுருவோம் தம்பி. சாயங்காலம் வந்து எடுத்துக்க."

அந்தச் சாயங்காலத்தை நினைத்துத்தான் எனக்குப் பயம். புது பிஸ்டன், புது ரிங் போட்ட வண்டி அன்றைக்கு அருமையாக ஓடும். கிக்கர் கல்லாக நிற்கும், சத்தம் மாறியிருக்கும், ஓட்டுபவர் முகத்தில் சந்தோஷம் தெரியும். ஆனால் பழைய பிஸ்டனைக் கொன்ற காரணம் இன்ஜினுக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தால், புது பிஸ்டனுக்கும் அதே கதிதான். வித்தியாசம் ஒன்று உண்டு. பழைய பிஸ்டன் மெல்ல மெல்லத் தேய்ந்து, வண்டி வேகம் இழந்து நின்றது. புது பிஸ்டனோ நல்ல கம்ப்ரஷனோடு, நல்ல வேகத்தில், ஆக்சிலேட்டர் முழுவதும் திறந்திருக்கும்போது ஒரே நொடியில் சிலிண்டரைக் கவ்விப் பிடிக்கும். இன்ஜின் நின்றால் பின்சக்கரமும் பூட்டிக்கொள்ளும். சரளைக்கல் சரிவில் பின்சக்கரம் பூட்டினால் வண்டி எந்தப் பக்கம் விழும் என்பது ஓட்டுபவர் கையில் இல்லை.

ஆகவே முதலில் இதைப் பழக்கிக்கொள்ளுங்கள்: டூ ஸ்ட்ரோக் ஓட்டும்போது இடதுகை விரல் ஒன்றோ இரண்டோ எப்போதும் கிளட்ச் லீவர் மேல் இருக்கட்டும். ஓட்டத்தில் இன்ஜின் சத்தம் திடீரென்று கம்மினாலோ, உலோகம் உரசும் கிறீச்சொலி கேட்டாலோ, யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல் வேகம் குறைந்தாலோ, யோசிக்கவே வேண்டாம். கிளட்ச்சைப் பிடியுங்கள். சக்கரம் விடுபடும், வண்டியை ஓரம் கட்டலாம். ஐந்து நிமிடம் கழித்து இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆனாலும் அதே வண்டியில் வீடு வந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ஒருமுறை பிடித்த பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஈஷியிருக்கும். அடுத்த பிடி அதைவிடச் சுலபமாக வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் கம்ப்ரஷன் என்றால் பிஸ்டனுக்கு மேலே உள்ள சமாச்சாரம் மட்டும்தான். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்குக் கீழேயும் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் கேஸ் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் காற்றும் கலந்ததை உறிஞ்சுகிறது. கீழே இறங்கும்போது அதையே அமுக்கிச் சிலிண்டருக்கு மேலே தள்ளுகிறது. ஆர்எக்ஸ் 100-இல் 50 மில்லிமீட்டர் போர், 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 98 சிசி. அது 7,500 ஆர்பிஎம்மில் சுற்றும்போது, இந்த உறிஞ்சலும் தள்ளலும் ஒரு வினாடிக்கு 125 முறை நடக்கிறது. உறிஞ்சும் ஒவ்வொரு முறையும், கிராங்க் கேஸில் எங்கேயாவது மயிரிழை அளவு ஓட்டை இருந்தால், அதன் வழியாகப் பெட்ரோல் கலக்காத வெறும் காற்று உள்ளே வரும். கலவையில் பெட்ரோல் குறையும். பெட்ரோலோடு கலந்து வரும் ஆயிலும் சேர்ந்து குறையும். சூடு ஏறும், வழுவழுப்பு இறங்கும். பிஸ்டன் சாவதற்கு இவை இரண்டும் போதும்.

இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? முதல் சந்தேகம் கிராங்க் ஆயில் சீல். கிராங்க்கின் ஒரு பக்கம் மேக்னெட், மறுபக்கம் கிளட்ச். இரண்டு பக்கமும் ஒரு ரப்பர் சீல் உண்டு. ஆர்எக்ஸ் 100 நம் நாட்டில் 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன வண்டி. இன்று ஓடும் எந்த ஆர்எக்ஸ் 100-உம் முப்பது வயதை நெருங்கியது அல்லது தாண்டியது. சீலை எப்போது மாற்றினார்கள் என்று உரிமையாளரைக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. வருடக்கணக்கில் சூட்டிலும் பெட்ரோலிலும் கிடந்த ரப்பர் இறுகிப் போய், உதடு தேய்ந்து, தண்டை அணைத்துப் பிடிக்காமல் நிற்கும்.

மேக்னெட் பக்கச் சீல் போனால் வெறும் காற்று உள்ளே வரும். அறிகுறி: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் வேகம் சட்டென்று இறங்காமல் தொங்கும், ஐடிலை எத்தனை முறை திருகினாலும் ஒரு இடத்தில் நிற்காது, மேக்னெட் கவரைத் திறந்தால் உள்ளே ஆயில் பசையும் அழுக்கும் ஒட்டியிருக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயில் உறிஞ்சப்படும்: சைலன்சரில் அடர்ந்த புகை, அடிக்கடி நனையும் ப்ளக், அளவு குறைந்துகொண்டே போகும் கியர் ஆயில். புகையைப் பார்த்து, பெட்ரோலில் கலக்கும் டூடி ஆயில் அதிகம் என்று நினைத்து, கலவையில் ஆயிலைக் குறைப்பவர்கள் உண்டு. அது இன்ஜினுக்குச் செய்யும் பெரிய கொடுமை.

இரண்டாவது சந்தேகம், கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டு ரப்பர். வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே இருக்கும்; கழற்றிக் கையால் வளைத்தால்தான் வெடிப்பு வாயைத் திறக்கும். மண்பாதையில் குலுங்கும் வண்டியில் இது இன்னும் சீக்கிரம் வரும். அப்புறம் ரீட் வால்வு பேக்கிங், சிலிண்டருக்கு அடியில் உள்ள பேஸ் பேக்கிங், கிராங்க் கேஸ் இணைப்பு.

இன்ஜின் தானாகவே வேகம் ஏறத் தொடங்கிவிட்டால் இந்தக் காற்றுக்கசிவு ரொம்பவும் முற்றிவிட்டது என்று பொருள். சாவியை அணைத்தாலும் சில சமயம் நிற்காது. உள்ளே இருக்கும் சூட்டிலேயே எரிந்துகொண்டிருக்கும். அப்போது பெட்ரோல் டேப்பை மூட ஓடாதீர்கள். பெட்ரோல் வற்ற வற்றக் கலவை இன்னும் மெலிந்து, வேகம் இன்னும் ஏறும். சோக்கை இழுங்கள். முடியாவிட்டால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு டாப் கியரில் போட்டுக் கிளட்ச்சை விட்டு அணையுங்கள்.

காற்றுக்கசிவைக் கண்டுபிடிக்க, ஓடும் சூடான இன்ஜினைச் சுற்றி ஸ்ப்ரே க்ளீனர் அடித்துப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. அது எளிதில் தீப்பிடிக்கும் திரவம். பக்கத்திலேயே ப்ளக் ஒயரும் சூடான சைலன்சரும் இருக்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதைவிடத் துல்லியமான, ஆபத்தில்லாத வழி ஒன்று உண்டு. மருந்துக்கடையில் கிடைக்கும், பல்பை அமுக்கிக் காற்றடிக்கும் முள் வைத்த பிபி மெஷின் போதும். அதன் கைப்பட்டையைக் கழற்றிவிட்டு, பல்பையும் டயலையும் குழாயையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சைலன்சரையும் கார்புரேட்டரையும் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் வைத்து அடைத்து இறுக்குங்கள். கார்புரேட்டர் மாட்டியிருந்த வாயில், துளையிட்ட ரப்பர் கார்க்கைச் செருகி, அந்தத் துளையில் பிபி குழாயை மாட்டுங்கள். பிஸ்டன் கீழே இருக்கும்படி வைத்தால் ஹெட் வரைக்கும் எல்லா இடமும் சோதனைக்குள் வந்துவிடும். பல்பை அமுக்கி 300 வரை ஏற்றுங்கள். பாதரச அளவில் 300 மில்லிமீட்டர் என்பது சுமார் 6 பிஎஸ்ஐ. இந்தச் சோதனைக்கு வேண்டிய அழுத்தமும் அதுதான். அதற்கு மேல், முக்கியமாகக் கம்ப்ரஸர் காற்றை, கிராங்க் கேஸுக்குள் விடவே கூடாது. நல்ல சீலும் வெளியே பிதுங்கிவிடும்.

முள் அப்படியே நின்றால் உங்கள் கிராங்க் கேஸ் நலம். ஐந்தாறு நிமிடம் பொறுங்கள். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐ, அதாவது டயலில் ஐம்பது, அதற்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷில் தொட்டு ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள்; குமிழி வரும் இடம் குற்றவாளி. மேக்னெட்டைக் கழற்றி அந்தச் சீலிலும் தடவிப் பாருங்கள். வெளியே எங்கேயும் குமிழி இல்லாமல் முள் இறங்கினால், கியர் ஆயில் ஊற்றும் துளையில் சோப்புப் படலம் பூசிப் பாருங்கள். அது உப்பினால் கிளட்ச் பக்கச் சீல் போயிருக்கிறது. அரைமணி நேர வேலை. பிஸ்டன் மாற்றும் முன் ஒருமுறையும், மாற்றி முடித்து ஸ்டார்ட் செய்யும் முன் இன்னொரு முறையும் இதைச் செய்யுங்கள். செய்யாத பட்டறையில் நீங்களே பிபி மெஷினோடு போய் நில்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

கம்ப்ரஷன் நிஜமாகவே போய்விட்டதா என்பதையும் காலை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். கேஜ் வைத்துப் பாருங்கள். ப்ளக்கைக் கழற்றி, அதன் கேப்பில் அந்த ப்ளக்கையே மாட்டி இன்ஜின் உலோகத்தில் எர்த் ஆகும்படி, ப்ளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். கேஜைத் துளையில் முடுக்கி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, முள் இனி ஏறாது என்று நிற்கும் வரை கிக்கரை உதையுங்கள். ஆக்சிலேட்டரைத் திறக்க மறந்தால் காற்றே உள்ளே வராது, கேஜ் பொய் சொல்லும். நல்ல நிலையில் உள்ள சின்ன டூ ஸ்ட்ரோக் பெரும்பாலும் 110 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். 90-க்குக் கீழே இறங்கினால் திறந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது. கேஜுக்குக் கேஜ் அளவு மாறும் என்பதால், வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்து எழுதி வைத்துக்கொள்வது மேல்.

மலைவாசிகளுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். சமவெளியில் 120 காட்டும் ஆரோக்கியமான இன்ஜின், அங்கே 90-ஐ ஒட்டித்தான் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து நல்ல போரைக் கெடுத்துவிடாதீர்கள்.

அளவு குறைவாக இருந்தால் ப்ளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் ஹெட் பேக்கிங், ப்ளக் மறை, பிஸ்டனில் ஓட்டை என்று தேட வேண்டும். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதே சோதனையைத் தலைகீழாக நினைத்துப் பாருங்கள். நல்ல ஆர்எக்ஸ் 100 இன்று லட்சத்தைத் தாண்டி விலை போகிறது. வண்டி பார்க்க வருகிறார்கள் என்றதும் ப்ளக் துளையில் கெட்டியான ஆயிலை விட்டு வைத்தால், தேய்ந்த இன்ஜினின் கிக்கரும் அரைமணி நேரத்துக்குக் கல்லாக நிற்கும். வண்டியைக் கால்மணி நேரமாவது ஓட்டி, சூடேறிய பிறகு கேஜ் வைத்துப் பார்க்காமல் பணத்தை நீட்டாதீர்கள்.

இன்ஜினைப் பிரிக்காமலேயே உள்ளே பார்க்க ஒரு ஜன்னல் இருக்கிறது. சைலன்சரைக் கழற்றி, டார்ச் அடித்து, எக்ஸாஸ்ட் துளை வழியாகப் பாருங்கள். கிக்கரை மெல்ல அமுக்கினால் பிஸ்டன் பக்கமும் ரிங்கும் கண்முன்னே ஏறி இறங்கும். ஆழமான செங்குத்துக் கீறல் தெரிந்தால் பிரிக்க வேண்டியதுதான். ரிங்கைச் சிறு மரக்குச்சியால் அழுத்தினால் உள்ளே போய் வெளியே வர வேண்டும். வராமல் கார்பனில் ஒட்டிக் கிடந்தால் கம்ப்ரஷன் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பிரித்த பிறகு, பழைய பிஸ்டனைத் தூக்கிக் குப்பையில் போடுவதுதான் பெரிய தவறு. அதைத் துடைக்காமல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசி உலோகம் ஈஷியிருந்தால் கலவை மெலிந்தது, அல்லது ஆயில் போதவில்லை. காற்றுக்கசிவும் மெயின் ஜெட்டும் விசாரணைக்கு வர வேண்டும். நாலு மூலையிலும் சமமாக உரசியிருந்தால், இன்ஜின் சூடாகும் முன் முறுக்கியிருக்கிறார்கள், அல்லது போன தடவை லேத்தில் போட்ட போர் இறுக்கமாகிவிட்டது. கார்புரேட்டர் பக்கம் மட்டும் மங்கலாக, மெல்லிய கோடுகளோடு தேய்ந்திருந்தால் புழுதி குடித்திருக்கிறது. பிக்கப் கிடைக்கும் என்று ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஓட்டும் தம்பிகளே, உங்கள் பிஸ்டன் எல்லாம் இப்படித்தான் போகிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டராக இருந்தால் கழுவிக் காயவைத்த பின் ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்துதான் மாட்ட வேண்டும். காய்ந்த ஸ்பாஞ்ச் செம்மண் புழுதியைப் பிடித்து வைக்காது. பிஸ்டன் தலையின் ஓரம் எலி கொறித்த மாதிரி அரித்திருந்தால் இன்ஜினில் நாக்கிங் இருந்திருக்கிறது: டைமிங் முந்தியிருக்கும், அல்லது ஹெட்டை அளவுக்கு மேல் இழைத்திருப்பார்கள். நடுத்தலையில் ஓட்டை விழுந்திருந்தால், வண்டிக்குப் பொருந்தாத சூட்டு அளவுள்ள ப்ளக்கையும் மெலிந்த கலவையையும் சந்தேகப்படுங்கள்.

பிஸ்டனிலோ ரிங்கிலோ ஒரு துண்டு காணவில்லை என்றால், அது சைலன்சர் வழியாகப் போயிருக்கலாம். கிராங்க் கேஸுக்குள்ளும் இருக்கலாம். பெட்ரோல் ஊற்றிக் கவிழ்த்துக் கொட்டினால் போதும் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரித்தால் பேரிங்கையும் இரண்டு ஆயில் சீலையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. மேல்கீழாக ஆட்டம் கையில் தட்டுப்பட்டால் பிக் எண்ட் முடிந்துவிட்டது.

புதிதாக முளைத்திருக்கும் ஒரு ஆபத்தை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 2025-இல் நாடெங்கும் பெட்ரோல் பங்க்குகளில் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்துவிட்டது. இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் இப்படி ஒரு எரிபொருள் யார் கணக்கிலும் இல்லை. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோவே போதும். ஆக, பழைய ஜெட்டே இருக்கும் கார்புரேட்டரில் இ20 ஊற்றினால், கலவை ஏழெட்டு சதவீதம் மெலிந்துவிடும். புது வண்டிகளில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். உங்கள் கார்புரேட்டருக்குக் கண் கிடையாது. ஏற்கெனவே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை இது தள்ளிவிடப் போதும். மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு அளவு ஏற்றி, முழு ஆக்சிலேட்டரில் ஓட்டி அப்படியே அணைத்து, ப்ளக்கின் நிறம் பாருங்கள். பழுப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் ஆபத்து.

இதைவிட மோசமானது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் தண்ணீர் சேர்ந்து ஒரு அளவைத் தாண்டினால், எத்தனாலும் தண்ணீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். டூடி ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேப்பைத் திறந்தால் முதலில் இறங்குவது அடியில் இருக்கும் ஆயில் இல்லாத தண்ணீர்க் கலவை! மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற வண்டியை, இருக்கும் பெட்ரோலோடு அப்படியே உதைத்து எழுப்பாதீர்கள். டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டுப் புதிதாகக் கலந்து ஊற்றுங்கள்.

ஆயிலைப் பற்றிச் சுருக்கமாக. லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50-க்கு 1. 40 மில்லி என்றால் 25-க்கு 1. உங்கள் வண்டிப் புத்தகம் எதைச் சொல்கிறதோ அதை அளவுக்குப்பியில் அளந்து ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம். டப்பாவில் ஜாசோ எஃப்சி அல்லது எஃப்டி என்று இருக்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில் கூடவே கூடாது. கடற்கரை ஊர்களில் படகு இன்ஜினுக்கான டூ ஸ்ட்ரோக் ஆயில் சுலபமாகக் கிடைக்கும். அது தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்காகச் செய்தது, காற்றால் குளிரும் சூடான சிலிண்டரில் அதை நம்ப முடியாது. பாதுகாப்புக்காக ஆயிலை இரண்டு மடங்கு ஊற்றுவதும் பிசகு. ஆயில் கூடினால் அந்த அளவுக்குப் பெட்ரோலின் பங்கு குறைகிறது.

மலையிறக்கம் இன்னொரு கண்ணி. கோத்தகிரியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ மேட்டுப்பாளையம் இறங்குகிறீர்கள். ஆக்சிலேட்டரை மூடி, இரண்டாவது கியரில், இன்ஜின் பிரேக்கிங்கில் நீண்ட இறக்கம். இன்ஜின் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் கார்புரேட்டர் மூடியிருப்பதால் பெட்ரோல் வருவதில்லை. பெட்ரோலில் கலந்த ஆயிலும் வருவதில்லை. பிஸ்டன் வறண்ட சுவரில் ஓடுகிறது. ஆகவே சில வினாடிக்கு ஒருமுறை ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்து மூடுங்கள். நியூட்ரலில் இறங்குவது இதற்கு மாற்று ஆகாது. அது பிரேக்கைக் கொல்லும், உங்களையும் கொல்லும். மேலே ஓட்டுவதற்காகச் சின்ன ஜெட் போட்டிருந்தால், அடர்ந்த காற்றுள்ள சமவெளிக்கு வரும் முன் பழைய ஜெட்டை மாட்டிவிடுங்கள். மலை ஜெட்டோடு சமவெளியில் முறுக்கினால் கலவை மெலிந்து போகும்.

இப்போது சேர்ப்பு வேலை. போர் போட லேத்துக்குப் போகும்போது புது பிஸ்டனைக் கையில் எடுத்துப் போங்கள். 0.25, 0.50 என்று ஓவர்சைஸ் எண்ணை மட்டும் சொல்லிப் போர் போடச் சொல்லாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு வேண்டிய இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும். ஆர்எக்ஸ் உதிரிபாகங்களில் போலி மலிந்து கிடக்கும் காலம் இது. ஒரே எண் எழுதிய இரண்டு பிஸ்டன்கூட அளவில் மாறுகின்றன. போர் போட்ட பின், சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளைகளின் ஓரக் கூர்மையை லேசாக மழுக்கிவிட வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் ரிங் அந்தக் கூரில் மாட்டி உடையும். பிறகு சிலிண்டரைப் பெட்ரோலில் அலசிவிட்டு முடித்துவிடாதீர்கள். வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத்துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே இருக்கும் வரை கழுவி, உடனே ஆயில் பூசுங்கள். ஹோனிங் கல்லின் பொடி ஒரு துளி தங்கினாலும் புது ரிங்கை அது முதல் நாளே அரைத்துவிடும்.

ரிங்கைத் தனியே சிலிண்டருக்குள் நேராக இறக்கி, முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 50 மில்லிமீட்டர் போருக்கு 0.2 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பது நல்லது. முனைகள் முட்டிக்கொண்டிருந்தால் சூட்டில் ரிங்குக்கு விரிய இடமில்லை. பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். ரிங் முனைகள் பள்ளத்தில் உள்ள சிறு ஆணியில் சரியாக உட்கார வேண்டும். பின் லாக் இரண்டும் புதிதாக இருக்கட்டும், பழையதை வளைத்துப் போடவே வேண்டாம். லாக் மாட்டும்போது கிராங்க் கேஸ் வாயில் துணி திணித்திருக்க வேண்டும்.

வெளிநாட்டு மோட்டோகிராஸ் வண்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அவற்றில் பலவற்றின் சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் கிடையாது. அலுமினியத்தின் மேல் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் சேர்ந்த மெல்லிய பூச்சுதான். லேத்தில் போர் போட்டால் அந்தப் பூச்சு போய்விடும், சிலிண்டரும் போய்விடும். மறுபூச்சுக்கு அனுப்ப வேண்டும் அல்லது ஸ்லீவ் இறக்க வேண்டும். சாதாரணப் போர் வேலை என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

ஆயில் பம்ப் உள்ள வண்டியாக இருந்தால், குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் வடித்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் டேங்குக்குப் பெட்ரோலிலும் ஆயில் கலந்தே ஊற்றுங்கள். முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் ஓடவிட்டு அணைத்து, கை வைத்தால் சுடாத அளவுக்கு முழுக்க ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. ஆறியபின் ஹெட் நட்டுகளைக் குறுக்குமறுக்காக, புத்தகம் சொல்லும் டார்க்கில் மறுபடி பாருங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலேட்டரில் தொடர்ந்து இழுக்கக் கூடாது; உயர்ந்த கியரில் திணறவிடவும் கூடாது. மண்மேட்டில் ஏற்றுவதெல்லாம் அதற்குப் பிறகு. 500 முடிந்ததும் கம்ப்ரஷன் கேஜையும் பிபி மெஷினையும் மறுபடி எடுங்கள். இரண்டு அளவையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, வண்டி சீட்டுக்கு அடியில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை கிக்கர் இலகுவாக இறங்கும்போது, உங்கள் மெக்கானிக் அண்ணன் பிஸ்டன் செட்டைத் தேடுவதற்கு முன் பார்க்க வேண்டிய தாள் அது.